ஆறு மீட்டர் மேற்கே

நான் அடக்கமான பெண்ணாகப் பிறந்திருந்தால் என் கணவர் கஸ்பார் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டார். இதைச் சொன்னால் அவரே சிரிக்கிறார். சிரித்துவிட்டுத் தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் உண்மை அதுதான்.

என் பெயர் எமரன்சியா. சொந்த ஊர் தூத்துக்குடி. நிலாவில் பெருங்குழியின் தென்கரையில் எட்டு வருடமாக எறியாளாக வேலை பார்த்தேன். வேலைக்குப் பெயரே எறியாள்தான். பெருங்குழி முப்பது கிலோமீட்டர் அகலம். வெயில் எட்டிப் பார்க்காத அதன் அடியில் ஐஸ் கிடக்கிறது. தென்கரையில் நாங்கள் பதினோரு பேர் அதை வெட்டி எடுத்தோம். வடகரையில் வெயில் உண்டு என்பதால் வீடு, தோட்டம், ஆஸ்பத்திரி, இருநூற்றுப் பத்து ஜனங்கள் எல்லாம் அந்தப் பக்கம். குளத்தைப் பற்றிப் பேசுவது போல இந்தக் கரை, அந்தக் கரை என்றுதான் பேசிக்கொள்வோம். குழியின் விளிம்பைச் சுற்றி வண்டியில் போனால் முப்பத்தொரு மணி நேரம் ஆகும். எறிந்தால் மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி.

எறிவது என்றால் எறிவதேதான். அறுநூறு மீட்டர் நீளத் தண்டவாளம் ஒன்று வடக்கே பார்த்து, நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் எங்கள் கரையில் ஏறி நிற்கிறது. ஐஸ் கட்டியை அதன் அடியில் வைத்தால் மின்சாரம் ஐந்தரை விநாடியில் மேலே தள்ளி, முனையில் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு அதைத் தொட யாரும் கிடையாது. ஏழரை கிலோமீட்டர் உயரம் ஏறி, வளைந்து இறங்கி, வடகரைச் சரிவில் விரித்திருக்கும் எட்டு மீட்டர் அகல வலையில் போய் விழும். வலை அதோடு சேர்ந்து பின்னால் ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை வாங்கி நிறுத்தும். மறுபடி எறிய மின்சாரம் சேர்ந்து நிரம்புவதற்கு இருபது மணி நேரம் வேண்டும். ஆகவே நாளைக்கு ஒன்று.

வலையைப் பார்த்துக்கொண்டவர் நாச்சிமுத்து. சென்னிமலைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் ஐஸ் போய் விழுந்ததும் லைனில் வருவார். "வாங்கிட்டனுங்க அம்மிணி. வெலகல் பூஜ்யம்" என்பார். வலையின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதுதான் விலகல். அதைப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் பொறுப்பு.

இரண்டாயிரத்து எண்ணூறு சொச்சம் எறிதல்கள், அத்தனையும் பூஜ்யம். எனக்குத் தலைக்கேறாமல் என்ன செய்யும்? பூமியிலிருந்து யார் வந்தாலும் சாப்பாடு போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவேன். தங்கைக்கு எழுதும் கடிதத்தில் நலம் விசாரிப்பதற்கு அடுத்த வரி இதுவாகத்தான் இருக்கும். தண்டவாள மெக்கானிக்கான கஸ்பார், ஒருநாள் முழுக்க நான் இதைச் சொல்லாமல் இருந்தால் உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

அந்த வியாழக்கிழமை ஒரு சின்ன நில அதிர்வு வந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் கலகலத்தன, அவ்வளவுதான். ஆனாலும் விதிப்படி எல்லாவற்றையும் பரிசோதித்து முடிக்கும்வரை எறியக் கூடாது என்பதால் நான்கு நாள் சும்மா இருந்தோம். திங்கட்கிழமை காலை கஸ்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வாய்வு என்றார். எங்கள் நர்ஸ் ஹமீதா வயிற்றை ஒரு இடத்தில் அழுத்தி எடுத்தபோது அவர் போட்ட சத்தத்தில் வாய்வு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குடல்வால். வடகரை டாக்டர் திரையில் பார்த்துவிட்டு ஆறு மணி நேரத்துக்குள் வெட்டியாக வேண்டும் என்றார். கத்தி, மயக்க மருந்து, டாக்டர் எல்லாம் அந்தக் கரையில். வண்டிக்கு முப்பத்தொரு மணி நேரம்.

ஆட்களை எறிவதற்கென்று ஒரு கூண்டு எங்களிடம் இருந்தது. ஒரே ஒரு தடவை மணல் மூட்டையை வைத்து எறிந்து பார்த்திருக்கிறோம். மனிதர் யாரும் அதில் போனதில்லை. வேறு வழியும் இல்லை.

ஹமீதா படித்தவள்தான், ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கை கால் ஓடவில்லை. கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இதுல எஞ்சின் எங்கேக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

"எஞ்சின் கெடையாது. கல்லெறிஞ்சா கல்லுல எஞ்சினா இருக்கு?"

"வழியில கோணலாப் போனா?"

"போகாது. நம்ம ஊருன்னா காத்து தள்ளும். இங்க காத்து ஏது? முனையில எந்த வேகத்துல, எந்தத் திசையில விடுதோமோ, அதோட எல்லாம் முடிஞ்சிட்டு. எங்க போய் விழும்ங்கது அந்த நொடியிலயே எழுதியாச்சி. பெறகு யாரு அழுதாலும் மாறாது."

ஐஸ் கட்டியும் மனிதரும் ஒரே மாதிரி பறப்பார்களா என்று அடுத்த கேள்வி. தள்ளும்போதுதான் எடைக்கு வேலை, கைவிட்ட பிறகு பஞ்சும் இரும்பும் அங்கே ஒன்றுதான் என்று விளக்கினேன். அவளுக்குச் சொன்னதில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆளை ஏற்றுவதற்கு முன்னால் நட்சத்திரங்களை வைத்துத் தண்டவாளத்தின் திசையை அளந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அதிர்வுக்குப் பிறகான பரிசோதனையிலும் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. சாதாரண நாளில் அப்படி அளப்பதில்லை. விலகல் பூஜ்யம் என்று தினமும் வந்துகொண்டிருக்கும்போது எவர் அளந்து பார்ப்பார்? கருவியை வைத்துப் பார்த்தேன். தண்டவாளத்தின் முனை பன்னிரண்டு சென்டிமீட்டர் மேற்கே போயிருந்தது. என் ஆறு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம். அறுநூறு மீட்டரில் ஆறு விரல் என்றால் முப்பது கிலோமீட்டரில் ஆறு மீட்டர். எட்டு மீட்டர் வலையில் நடுவிலிருந்து ஓரம் நான்கு மீட்டர்தான். ஆறு மீட்டர் தள்ளி விழுந்தால் பாறையில்தான் விழ வேண்டும்.

வியாழக்கிழமை அதிர்வு செய்த வேலை என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? புதன்கிழமைகூடப் பூஜ்யம்தானே. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதே பன்னிரண்டு. கடைசி ஐந்து தூண்களில் உள்ள திருகுகளை நானே இறங்கித் திருகி, முனையைக் கிழக்கே கொண்டுவந்து சரியான திசையில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் பிடித்தது.

இதை வடகரைக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால், திருத்திய தண்டவாளத்தில் முதலில் ஒரு ஐஸ் கட்டியை எறிந்து பார் என்பார்கள். எறிந்தால் அடுத்த எறிதலுக்கு இருபது மணி நேரம். அதுவரை கஸ்பார் இருக்க மாட்டார். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதை ஒளிக்க விரும்பவில்லை. என் தண்டவாளம் கோணிப்போயிற்று என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி செய்தாயிற்று, இனி சொல்ல என்ன இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கஸ்பாரைக் கூண்டில் படுக்கவைத்துப் பட்டைகளை இறுக்கினோம். முகம் வெளிறி வியர்த்திருந்தது. ஐந்தரை விநாடி நாலு ஆள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது மாதிரி இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "எறியுதது நீதானட்டி, எனக்கு என்ன பயம்?" என்றார். எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவை மூடினேன்.

எறிந்தேன்.

தண்டவாளம் அதிர்ந்து அடங்கியது. கருவிகளில் வேகம் சரி, கோணம் சரி, திசை சரி. ஹமீதா துவா செய்துகொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. பாரம் இறங்கினால் சிலருக்கு அழுகை வரும். எனக்குப் பேச்சு வரும். நாச்சிமுத்துவுடன் லைன் திறந்திருந்தது. முப்பத்தெட்டாவது விநாடியில் நான் வாயைத் திறந்தேன். பெருமை பேசுவதற்காகத்தான் திறந்தேன், வேறு எந்த நல்ல எண்ணமும் கிடையாது.

"அண்ணாச்சி, இன்னைக்கி நட்டநடுவுல வந்து விழும் பாருங்க. அதிர்வு வந்து தண்டவாளத்த மேக்க தள்ளி விட்டிருந்துச்சி. காலைல நானே அளந்து ஆறு மீட்டர் கெழக்க திருத்திட்டுத்தான் எறிஞ்சிருக்கேன்."

 லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மிணி." அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. "நான் வலையெ ஆறு மீட்டரு மேக்கால தள்ளி வெச்சிருக்கறனுங்க."

எனக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டேன்.

"எப்பவும் அங்கதானுங்க வெப்பேன். உங்க ஐஸு அங்கதானுங்க வந்து உழுகும். ஆறு வருசமா."

 எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அதிர்வு ஒன்றையும் அசைக்கவில்லை. என் தண்டவாளம் வருடக்கணக்காக மெல்ல மெல்ல மேற்கே சாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மனிதர் தினமும் வலையை அதற்கேற்றபடி நகர்த்தி வைத்துப் பிடித்துவிட்டு, விலகல் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறார். எண்ணூறு நாள், ஆயிரம் நாள், இரண்டாயிரம் நாள். நான் அதைத் தங்கைக்கு எழுதியிருக்கிறேன்.

இன்றைக்குக் கூண்டு சரியான இடத்துக்குப் போகிறது. வலை அங்கே இல்லை.

வலையை நகர்த்தும் மோட்டார் விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்தான் போகும். ஆறு மீட்டருக்கு நூற்றிருபது விநாடி. வலையின் ரேடார் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் கூண்டைப் பார்க்கும், அப்போது இருபது விநாடி மிச்சம் இருந்தால் அதிகம். பார்த்துவிட்டு நகர்த்தலாம் என்று காத்திருக்க முடியாது. இப்போதே தீர்மானிக்க வேண்டும். ஐம்பத்திரண்டாவது விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, நீங்க நெசமா அளந்தீங்களா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து. "நீங்க சொன்னா நவுத்தறனுங்க."

அவர் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். இரண்டாயிரம் தடவை எங்கே வந்து விழுந்ததோ அங்கே வலை இருக்கிறது. அதை எடுத்துவிடு என்று சொல்கிறவள், தன் தண்டவாளம் கோணியிருப்பதே இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தவள். என் நிலைமை அதைவிட மோசம். அரை நிமிடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். இப்போது என் அளவை நானே நம்பவில்லை. நான் பார்த்த நட்சத்திரம் சரியானதுதானா? திருகைக் கிழக்கேதான் திருகினேனா?

அப்போதுதான் அந்த ஆறு என்ற எண் மனதில் உறைத்தது. அவரும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஐஸ் கட்டி விழும் இடத்தைப் பார்த்துப் பார்த்து ஆறு என்று கண்டுபிடித்திருக்கிறார். நான் வானத்தைப் பார்த்து ஆறு என்று கண்டுபிடித்திருக்கிறேன். கலந்து பேசாத இரண்டு பேருக்கு ஒரே கணக்கு வந்தால் அந்தக் கணக்கு தப்பாது.

"நவுத்துங்க அண்ணாச்சி," என்றேன்.

மோட்டார் ஓடும் சத்தம் லைனில் கேட்டது. அறுபதாவது விநாடி. நூற்றிருபது விநாடி மோட்டார் ஓட வேண்டும், பன்னிரண்டு விநாடி கையிருப்பு. இனி நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. கஸ்பார் குழிக்கு மேலே இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். ஏன் என்று ஒரே ஒரு சொல் கேட்டேன், நாச்சிமுத்து சொல்லத் தொடங்கினார். மீட்டரையும் விநாடியையும் நடுநடுவே எண்ணிக்கொண்டே சொன்னார்.

முதல் இரண்டு வருடம் நிஜமாகவே பூஜ்யம்தானாம். மூன்றாம் வருடத்தில் ஒருநாள் திடீரென்று விலகல் இரண்டே கால் மீட்டர் வந்ததாம். இரண்டு மீட்டருக்கு மேல் பதிவானால் தண்டவாளத்தை நிறுத்திவிட்டு, பூமியிலிருந்து ஆள் வந்து அஸ்திவாரத்தோடு பிரித்துப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. நான்கு மாதம் ஆகும். அந்த வாரம் வடகரையில் பதினோரு நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது. இருநூற்றுப் பத்துப் பேர், அதில் குழந்தைகள் முப்பது. அன்றைக்கு மட்டும் என்று பூஜ்யம் போட்டாராம். மறுநாள் இரண்டே கால் என்று போட்டால் முந்தின நாள் பொய் வெளியே வரும். அப்படியே போய்விட்டது. வருடத்துக்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று கூடிக்கொண்டே போனபோது அவரும் வலையைக் கூடக் கூடத் தள்ளி வைத்திருக்கிறார். எனக்காவது சொல்லியிருக்கலாமே, அரை மணி நேரத்தில் திருகைத் திருகியிருப்பேனே என்றேன்.

"சொல்லீருக்கோணுங்க. நீங்க பூஜ்யத்தக் கேட்டதும் ஒரு சிரிப்பு சிரிப்பீங்க. அதக் கெடுக்க மனசு வல்லீங்க. நாலு மீட்டரு... நாலரை..."

இன்று காலை ஆளை எறியப்போகிறார்கள் என்றதும் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை லைனை எடுத்தாராம். சொன்னால் எறிதலையே நிறுத்திவிடுவார்கள், ஆள் போய்விடுவார் என்று வைத்துவிட்டாராம். கடைசி நூறு எறிதல்களின் சராசரியைப் போட்டு, வலையை மில்லிமீட்டர் சுத்தமாக மேற்கே நிறுத்தியிருக்கிறார். அவரும் நல்லதுக்குத்தான் வாயை மூடியிருந்தார், நானும் நல்லதுக்குத்தான் மூடியிருந்தேன். இரண்டு நல்லதும் சேர்ந்து கஸ்பாரைக் கொல்லப் பார்த்தன.

ஐந்து மீட்டர் என்றார். ஐந்தரை என்றார். நின்னுருச்சுங்க என்றார். மிச்சம் பன்னிரண்டு விநாடி. ஹமீதா என் தோளைப் பிடித்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது, ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"வாங்கிட்டனுங்க." மூச்சு வாங்கினார். "எழுவது சென்டிமீட்டரு, கெழக்கால. ஊட்டுக்காரரு கையெ அசைக்கறாருங்க."

ஆறு வருடத்தில் அந்த மனிதர் எனக்குச் சொன்ன முதல் உண்மையான விலகல். இரண்டாயிரத்து எண்ணூறு பூஜ்யங்களில் ஒன்றுகூட என்னை அப்படி அழவைத்ததில்லை. கடவுளே, கடவுளே என்று மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

கஸ்பாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் வண்டியில் வடகரைக்குக் கிளம்பினேன். முப்பத்தொரு மணி நேரம் வழியெல்லாம் நாச்சிமுத்துவிடம் சண்டை போட்டுக்கொண்டே போனேன், மனதுக்குள்தான். என்னை முட்டாளாக்கினீரே என்றேன். நான் ஏமாந்து நின்றதைப் பார்த்துச் சிரித்தீரா என்றேன். பத்து மணி நேரத்துக்குப் பிறகு கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் திரும்பியது. ஆறு வருடம் தினமும் ஒருவர் நம் தப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நம் தப்பு எங்கே விழுமோ அங்கே முன்கூட்டியே போய் நிற்கிறார். பெற்றவர்கள்கூட இதைச் செய்வார்களா என்று தெரியவில்லை. செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என்னால் அவரை வெறுக்க முடியவில்லை.

கஸ்பார் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள்ளும் அந்த லைன் கேட்கும் என்பது அந்த அமளியில் எனக்கு நினைவே வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டாராம். வலை தள்ளி இருக்கிறது என்று நாச்சிமுத்து சொன்னதையும் கேட்டாராம். ஒரு சத்தம்கூடப் போடவில்லையே என்றேன்.

"ரெண்டு பேரும் கணக்குப் போட்டுட்டு இருந்திய. நடுவுல நான் கத்துனா கணக்கு தப்பிரும்லா," என்றார்.

பட்டையில் கட்டுண்டு, வயிறு வெடிக்கும் வலியில், பாறையில் விழப்போகிறோமா என்று தெரியாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் அந்த மனிதர் வாயை இறுக்கி மூடியிருந்தார். கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி நானே ஊட்டினேன். எட்டு வருடம் நான் எறிந்த தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி அது.

நான்காம் நாள் விசாரணை. பூமியிலிருந்து ஓர் அம்மையார் திரையில் விசாரித்தார். நாம் சொன்னது அங்கே போய், அவர் சொல்வது இங்கே வர மூன்று விநாடி ஆகும். அறைக்குள் போனபோதுதான் நாச்சிமுத்துவை முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் குரலுக்கு ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்த தகப்பனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவருடைய வாக்குமூலத்தை அம்மையார் படித்தார். பதிவேட்டில் பொய் எழுதியது தான் ஒருவனே, எறியாளுக்கு எதுவும் தெரியாது என்று முதல் பகுதி. அது உண்மை. இரண்டாவது பகுதியைக் கேட்டுத் திடுக்கிட்டேன். தண்டவாளத்தைத் திருத்திய விவரத்தை எமரன்சியா அம்மா அன்று காலையிலேயே தனக்கு முறைப்படி தெரிவித்துவிட்டதாகவும், வலையைப் பழைய இடத்திலேயே வைத்தது தன் மறதி என்றும் எழுதியிருந்தார்.

இது சரிதானா என்று அம்மையார் என்னைக் கேட்டார். ஆம் என்றால் போதும். என் வேலை இருக்கும், என் பெயர் இருக்கும். நாச்சிமுத்து எப்படியும் போகப் போகிறவர், ஒரு குற்றத்தோடு இன்னொன்று சேர்ந்தால் அவருக்கு என்ன. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வந்தது. பக்கத்தில் அவர் தலையைக் குனிந்தபடி, ஆம் என்று சொல்லுங்கள் என்பது போல லேசாகக் கையை அசைத்தார்.

"சரியில்லம்மா," என்றேன். "நான் அவருட்ட ஒண்ணும் சொல்லல. மறைச்சேன். எறிஞ்ச பெறகுதான் சொன்னேன், அதுவும் பெருமையடிக்கதுக்கு. இவருக்கு எனக்காக வலைய நவுத்தி நவுத்தியே பழகிட்டு. இந்த ஒரு தடவ வேண்டாம். நான் எங்க விழணுமோ அங்கயே விழுதேன்."

மூன்று விநாடி கழித்து அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பவில்லை. அந்த இரண்டு நிமிடத்தின் ஒலிப்பதிவைக் கேட்டார்களாம், அதுதான் காரணம் என்றார்கள். எறியாள் வேலை எனக்குப் போயிற்று. தண்டவாளத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வருடம் போலில்லாமல் இப்போது தொட்டிகளில் கையிருப்பு உண்டு, நான்கு மாதத்துக்கு வடகரையில் ஆளுக்கு நாளைக்கு ஆறு லிட்டர் தண்ணீர். தொட்டியடியில் கேனோடு நிற்கும்போது ஜனங்கள் என்னை ஏசுவார்கள் என்று பயந்தேன். ஒரு அம்மாள் வீட்டுக்காரர் எழுந்து நடக்கிறாரா என்று கேட்டாள், நடக்கிறார் என்றேன், வரிசையில் எனக்கு முன்னால் இடம் விட்டாள். இப்போது நாச்சிமுத்துவுக்குக் கீழே வலையில் உதவியாள் வேலை பார்க்கிறேன். எண்ணெய் போடுகிறேன், கயிறு பார்க்கிறேன். பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை என்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான்காம் நாள் அந்த விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நாச்சிமுத்து என்னைக் கோபித்துக்கொண்டார். ஏனுங்க இப்பிடிப் பண்ணிட்டீங்க என்றார். நடைபாதையில் யாரும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. சொன்னால், என்னை வேற்றாளாக்கிவிட்டாயா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்போம், தட்டில் இன்னொரு துண்டு மீனை வைப்போம், அதிலேயே எல்லாம் வந்துவிடும். அன்றைக்கு என் கையில் மீனும் இல்லை, சோறும் இல்லை.

"நன்றி அண்ணாச்சி," என்றேன். சொல்லிப் பழக்கமில்லாததால் சத்தம் கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது.

 அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு வலை மோட்டாரின் விசையைப் பிடித்திருந்தபோது அசையாமல்தான் இருந்தனவாம். அடுத்த நாள் காலையில் தொடங்கிய நடுக்கம் அதற்குப் பிறகு நிற்கவே இல்லையாம். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றார். டாக்டரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை என்றார்.

அந்தக் கைகளை என் கைகளுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் ஆயிற்று. நின்ற பிறகுதான் விட்டேன்.